வீடியோ பார்க்க நேரம் எங்கே ஆச்சி?

போன மாதம் என் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது விடுதித் தோழிகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நால்வரும் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. முப்பது வருடத்துக்கு மேல் நர்சிங் டியூட்டராக இருந்தவளிடம் நான்கு மாணவிகள் சிக்கினால் பேச்சு எங்கே போகும்? கருப்பட்டிக் காப்பி ஆறுவதற்குள் வகுப்பறைக்குப் போய்விட்டது.

"எங்க காலேஜ்ல இப்ப ஃப்ளிப்டு கிளாஸ்ரூம் ஆச்சி" என்றாள் பேத்தி.

தலைகீழ் வகுப்பு என்று சொல்லலாம். பாடத்தை வீடியோவாக முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பு நேரம் கணக்கு, கேள்வி, விவாதம், செய்முறைக்கு. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்ததிலிருந்து இது பரவியது.

எங்கள் காலத்தில் டிக்டேஷன்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள், மணி அடித்துவிடும். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

என் மாணவி ஒருத்தி டிராப் ரேட் ஃபார்முலாவைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதியவள். வார்டில் ஒரு லிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அந்த செட்டில் 1 மில்லிக்கு 20 சொட்டு. 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. பதற்றத்தில் அவள் இரண்டு மடங்கு வேகத்தில் விட்டுவிட்டாள். நோயாளி இதயம் பலவீனமான பெரியவர். வார்டு சிஸ்டர் உடனே கவனித்ததால் தப்பித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஃபார்முலாவை எழுத வைத்தேனே தவிர, என் கண் முன்னால் ஒரு தடவையாவது கையில் கடிகாரத்தைக் கொடுத்துச் சொட்டு எண்ண வைத்தேனா?

அதனால் இந்த முறையைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம். பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை.

தமிழ் மீடியத்தில் படித்து வந்த பெண் மட்டும், "எனக்குப் பிடிச்சிருக்கு ஆச்சி. இங்கிலீஷ்ல வேகமா நடத்தினா புரியாது, எழுந்து கேட்கவும் கூச்சம். வீடியோன்னா நிறுத்தி நிறுத்தி மூணு தடவை பார்ப்பேன்" என்றாள்.

இன்னொருத்தி, "காலையில ஏழரைக்கு வார்டு. மதியம் வகுப்பு. சாயங்காலம் கேர் பிளான், ரெக்கார்டு. ராத்திரி பத்து மணிக்கு நாற்பது நிமிஷ வீடியோ. வீடியோ பார்க்க நேரம் எங்கே ஆச்சி? பாதியிலேயே தூங்கிடுவோம்" என்றாள்.

மூன்றாவது பெண் சிரித்தாள். "கஷ்டப்பட்டுப் பார்த்துட்டுப் போனா, சார் அதையே மறுபடியும் முதல்லேர்ந்து நடத்துறார்!"

ரீல்ஸ் பார்க்க நேரம் இருக்கிறதே, பாடம் பார்க்க இல்லையா என்று என் பழைய சக ஆசிரியை கேட்கிறார். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவள் ரீல்ஸ் பார்ப்பது ஓய்வுக்கு. இதய நோய்ப் பாடத்தை அப்படிப் பார்க்க முடியாது.

என் அபிப்பிராயம் இது. முறை நல்லது, ஆனால் அதற்கான நேரத்தை மாணவியின் தூக்கத்திலிருந்து எடுக்கிறோம். வீடியோ பார்க்கும் நேரத்தையும் டைம்டேபிளில் போட வேண்டும். நூலகத்தில் ஒரு மணி நேரம், கல்லூரி இணையத்திலேயே பார்க்கட்டும். வீடியோ பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். யூடியூபில் கிடைத்ததை அனுப்பாமல், தங்கள் ஆசிரியரே தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் போதும். மிச்சமாகும் வகுப்பு நேரத்தில் ஆசிரியர் மறுபடி விரிவுரைக்குப் போகாமல், ஒவ்வொருத்தியும் கணக்குப் போடுகிறாளா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதுதான் கடினம். நோட்ஸ் சொல்வது சுலபம். அதனால்தான் நானும் அதையே செய்தேன்.

கிளம்பும்போது அந்தப் பழைய சலைன் கணக்கை நால்வருக்கும் போட்டேன். தமிழ் மீடியப் பெண்தான் முதலில் "42" என்றாள். விடவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குழாயைச் சொட்ட விட்டு எண்ணிக் காட்டச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேத்தி முறைத்தாள்.

படிப்பவர்களில் நர்சிங் ஆசிரியர்கள் இருந்தால், உங்கள் கல்லூரியில் எப்படி என்று எழுதுங்கள்.