விடாது ஹெட்டர்!

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. கிடைச்ச ஒரு ஞாயித்துக்கிழமையிலயும் பதிவு எழுதாம, தளத்தோட தலையை நோண்டிக்கிட்டு இருந்தேன். விளைவு, வீட்டுல மானம் போச்சு.

பழைய வேர்ட்பிரஸ் தீமைத் தூக்கிட்டு பிளாக் தீமுக்கு மாறினேன். ஸ்க்ரோல் பண்ணும்போது ஹெட்டர் மேலேயே நிக்கணும்னு ஆசை. ஹெட்டருக்குள்ள இருந்த குரூப் பிளாக்குக்கு சிஎஸ்எஸ்ல ஸ்டிக்கி கொடுத்தேன். நிக்கலை, மத்ததோட சேர்ந்து மேல ஓடிடுச்சு.

காரணம் சிம்பிள். ஸ்டிக்கி தன்னோட கன்டெய்னருக்குள்ளதான் ஒட்டும். திருவொற்றியூர்க்காரனுக்கு கன்டெய்னர் பத்திப் பாடம் எடுக்கணுமா? பெட்டி கிளம்பினா உள்ள இருக்கிற சரக்கும் கூடவே போகும். ஹெட்டர்ங்கற பெட்டி திரையை விட்டுப் போச்சு, உள்ள இருந்த குரூப்பும் போச்சு.

சைட் எடிட்டர்ல டெம்ப்ளேட்டைத் திறந்து, ஹெட்டர் பார்ட்டையே முழுசா ஒரு குரூப்புக்குள்ள போடுங்க. அந்த வெளி குரூப்போட பொசிஷனை ஸ்டிக்கின்னு மாத்துங்க. 2023 மார்ச்ல வந்த 6.2-லேர்ந்து இந்த வசதி இருக்கு. பின்னணி நிறம் கொடுக்க மறக்காதீங்க, இல்லைன்னா பதிவோட எழுத்து ஹெட்டருக்குப் பின்னாடி தெரியும். அப்பவும் ஒட்டலைன்னா, வெளியில ஏதாவது ஒரு பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்டிருக்கான்னு பாருங்க.

ஒட்டிடுச்சு. பெருமையா அப்பாகிட்ட போனை நீட்டினேன். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எழுத்தைப் பெருசாக்கி, போனைச் சாய்ச்சு வச்சுதான் படிப்பார். கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்துட்டுச் சொன்னார்:

"என்னடா, படம் முழுக்க டைட்டில் கார்டே ஓடுது?"

வாங்கிப் பார்த்தேன். சாய்ச்ச போன்ல உயரம் 360 பிக்சல். பிரவுசர் பட்டை போக 300 சொச்சம். அதுல என் ஹெட்டர் மட்டும் 150. லோகோ, பேரு, ஒரு பஞ்ச் டயலாக், ரெண்டு வரி மெனு. போனை நிமிர்த்திப் புடிச்சா மெனு மூணு கோடா மடங்கிடும். சாய்ச்சா அகலம் 600 பிக்சலைத் தாண்டிடுது, மெனு முழுசா விரிஞ்சிடுது. 'என்னைப் பற்றி', 'சிறுகதைகள்'னு நம்ம வார்த்தைகளும் நீளம், ரெண்டு வரி ஆகத்தான் செய்யும். மிச்ச இடத்துல அப்பாவோட பெரிய எழுத்துக்கு நாலு வரி தேறினாலே ஜாஸ்தி. என் எழுத்தை விடாம படிக்கிற ஒரே ஆளு அவர்தான். அவரையே நானே வாசல்ல நிறுத்திட்டேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். வலைப்பூவுக்கு ஒட்டுற ஹெட்டர் எதுக்கு? கடை நடத்துறவங்களுக்கு வேணும், கூடை எப்பவும் கண்ணுல படணும். நூறு அத்தியாயம் இருக்கிற தளத்துக்கும் மெனு கைக்கு எட்டணும். நம்ம பதிவுக்கு வர்றவர் ஒரு பதிவைப் படிக்க வர்றார். காலையில விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி உங்க பதிவுகளைப் படிக்கிறவன் நான். பாதிப் பேர் தளத்துல உங்க பேரைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் மக்களே! நம்ம பேரு எப்பவும் மேல நிக்கணும்ங்கறது நம்ம ஆசை. அதுக்கான இடத்தைக் கொடுக்கிறது படிக்கிறவரு.

ஒட்டித்தான் ஆகணும்னா ஒரே ஒரு வரி ஒட்டட்டும். லோகோவும் பஞ்ச் டயலாக்கும் ஸ்க்ரோலோட போகட்டும். திரை உயரம் 500 பிக்சலுக்குக் கீழ இருந்தா ஒட்டாதேன்னு சிஎஸ்எஸ்ல ஒரு மீடியா கொரி போதும். அடிக்குறிப்பு இணைப்பைத் தட்டினா அந்த வரி ஹெட்டருக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும், அதுக்கு ஸ்க்ரோல் பேடிங் டாப் கொடுங்க.

நான் என்ன பண்ணினேன்? மொத்தமா எடுத்துட்டேன். பதிவு முடியிற இடத்துல 'மேலே போக'ன்னு ஒரு இணைப்பு, அவ்வளவுதான்.

அப்பா மறுபடி படிச்சார். "இப்போ படம் தெரியுது. கதைதான் சுமார்"னார்.

டிஸ்கி: பின்னூட்டத்துல திட்டுறதுக்கு முன்னாடி உங்க போனை ஒரு தடவை சாய்ச்சு உங்க தளத்தைப் பார்த்துட்டு வாங்க.