மிதிவண்டியில் ஒரு வரலாற்று வழி



கல்லூரியில் பயிலும் என் மகன், கோட்டாற்றிலிருந்து குளச்சலுக்கு மிதிவண்டியில் சென்றுவர அனுமதி வேண்டினான். சாலையில் பாயும் லாரிகளை எண்ணி மறுத்துவிட்டேன். அவன் முகம் வாடியது கண்டு, மறுநாள் நானே வழி வகுக்க அமர்ந்தேன். உங்கள் இல்லத்திலும் இக்கோரிக்கை எழலாம், ஆதலால் எழுதுகிறேன்.

வரலாறு நிகழ்ந்த வரிசையிலேயே செல்லுங்கள். சுபுஹ் தொழுது புறப்பட்டால் ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி வழியே முதலில் குளச்சல். 1741-ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை முறியடித்த இடம். நினைவுத் தூண் நிற்கிறது. அங்கே சிறைப்பட்ட டிலனாய், பின்னர் அம்மன்னருக்கே படை பயிற்றி, ‘வலிய கப்பித்தான்’ எனப் பெயர் பெற்றார். 1777-இல் மறைந்த அவரது கல்லறை உதயகிரிக் கோட்டையில் உள்ளது. குளச்சலைப் பார்க்காமல் அதைப் பார்ப்பதில் என்ன சுவை?

இடையில் இரணியல், அடுத்து, பீர் முஹம்மது அப்பா அடங்கியுள்ள தக்கலை. அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை திறவாது, மறவாதீர்! உதயகிரியிலிருந்து திரும்புவது நெடுஞ்சாலை வழி. பொழுது சாய்ந்துவிட்டால் தக்கலையிலேயே உறவினர் இல்லத்தில் தங்கிவிடுங்கள். பஞ்சர் ஒட்டும் பசையும் பம்பும் கைவசம் இருக்கட்டும்.

“வாப்பா, நீங்களும் வாருங்களேன்” என்கிறான். என் பழைய ராலி வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் இட்டாயிற்று.