கை மடங்கிய பிறகா கண்டுபிடிப்பது?

இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவர்தான். அவர்களில் 2,000க்கும் அதிகமானோர், பதிவேட்டில் முதன்முதலாகப் பெயர் ஏறும்போதே விரல் மடங்கியோ, பாதம் தொங்கியோ, இமை மூட முடியாமலோ, உள்ளங்காலில் ஆறாத புண்ணோடோ வந்து நிற்கிறார்கள். மருந்து இலவசம். நோய் முற்றிலும் குணமாகக்கூடியது. ஊனமோ ஒரே இரவில் வந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் அறிகுறி காட்டிவிட்டுத்தான் வருகிறது. இத்தனை அவகாசம் இருந்தும் ஒரு மனிதரின் கையை இழக்கவிடுவதை அலட்சியம் என்ற சொல்லால் கடந்துவிட முடியாது. ஒன்றிய, மாநில அரசுகளின் சுகாதாரத் துறைகள் தெரிந்தே இழைக்கும் அநீதி இது.

2005 டிசம்பரில் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டோம் என்று கணக்குக் காட்டப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் ஒழிந்ததாக அறிவிப்பும் வந்தது. அந்தக் கணக்கைச் சற்றுக் கிளறிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட நாளில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. கிருமி மிகுந்த வகைக்கு முன்பு 24 மாதங்கள் தரப்பட்ட கூட்டு மருந்து பின்னர் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. நோயாளிகளுக்கு அது நல்ல மாற்றம்தான். ஆனால், பதிவேட்டில் ஒருவர் இருக்கும் காலம் பாதியானால், புதிதாக நோய் வருவோர் ஒருவர்கூடக் குறையாமலே விகிதம் சரியும். மருந்து முடிந்த நாளில் பெயரும் நீக்கப்படும். விரல் மடங்கிய நிலையில் மீதி வாழ்நாளைக் கழிக்கப் போகிறவரும் அந்தக் கணக்கில் ‘குணமானவர்’. இப்படி வந்த எண்ணை வைத்துக்கொண்டு வெற்றி கொண்டாடியவர்கள், கொண்டாட்டத்தோடு தேடலையும் நிறுத்திக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் தனித் திட்டமாக இயங்கிவந்த தொழுநோய்ப் பணி 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டது. இணைப்பில் நியாயம் உண்டு. காய்ச்சலுக்கு வருபவரும் தொழுநோய்க்கு வருபவரும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒரே வரிசையில் நிற்பதே ஒதுக்கிவைத்தலுக்கு எதிரான முதல் அடி. ஆனால் அமைப்பை இணைத்தவர்கள் திறமையைக் கைமாற்றவில்லை. வீடு வீடாகச் சென்று முதுகையும் தோளையும் பார்த்துப் பழகிய களப்பணியாளர்கள் ஓய்வுபெற்றார்கள். அந்தக் கண் அடுத்த தலைமுறைக்கு வரவில்லை. இன்று வெளிறிய, உணர்ச்சியற்ற படையோடு வருபவர் ‘தேமல்’ என்று களிம்பு எழுதித் திருப்பி அனுப்பப்படுகிறார். அந்த இடத்தில் பேனா நுனியால் மெல்லத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னால் போதும், சந்தேகம் பிறந்துவிடும். ஒரு நிமிடச் சோதனை. அதைச் செய்யாததன் விலையாக ஒரு நெசவாளி நூலைப் பிடிக்க முடியாமல் போகிறார்.

நோய் எப்படி ஊனமாகிறது என்பதைத் தமிழ் மண்ணே உலகுக்குச் சொன்னது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால், கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்த கை சுட்டுக்கொள்கிறது. ஆணி குத்திய கால் தொடர்ந்து நடக்கிறது. தூங்கும்போது எலி விரலைக் கடித்தும் விழிக்காத நோயாளிகள் இருப்பதை அறிந்து, வீடு திரும்புவோருக்குப் பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். மடங்கிய விரலைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தவும் வேலூர் கற்றுக்கொடுத்தது. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. செங்கல்பட்டில் மத்திய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். இவ்வளவு அறிவு கைவசம் உள்ள மாநிலத்தில், முழங்கையின் உட்புற நரம்பு தடித்து வலிக்கிறது என்று சொல்பவருக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்புவது மன்னிக்க முடியாதது.

அந்த வலிதான் எச்சரிக்கை மணி. சிகிச்சையின்போதும், முடிந்த பிறகும்கூட, உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்து நரம்பு வீங்கலாம். உடனே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் கையின் பலத்தைப் பெரும்பாலும் மீட்கலாம். ஆறு மாதம் கடந்தால் மீள்வது அரிது. ஆகவே மாதந்தோறும் மாத்திரை அட்டையை நீட்டுவதோடு பணி முடிந்ததாக நினைக்கும் ஒவ்வொரு நிலையமும், நரம்பைத் தொட்டுப் பார்க்கத் தவறும் ஒவ்வொரு முறையும், ஓர் ஊனத்துக்கு வழிவிடுகிறது. உணர்ச்சியற்ற பாதத்தைக் காக்கும் மென்மையான நுண்ணறை ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு கிழிவதற்கு முன் அடுத்த ஜோடி வர வேண்டும். அதற்கும் அலையவிடுகிறார்கள். புண்ணுக்குக் கட்டுப்போட வேண்டிய ஊழியரே தொடத் தயங்கி, பஞ்சையும் மருந்தையும் கையில் கொடுத்து ‘நீயே போட்டுக்கொள்’ என்று சொல்வதும் நடக்கிறது. கூட்டு மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி பிறருக்குப் பரப்பாதவராகிவிடுகிறார் என்ற அடிப்படைப் பாடம் தெரிந்தவர்கள் செய்யும் தீண்டாமை இது.

மருத்துவமனைக்கு வெளியே கேட்கவே வேண்டாம். ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாக இந்நோயைக் காட்டிய ‘ரத்தக்கண்ணீர்’ திரைப்படம் வெளிவந்தது 1954இல். எம்.ஆர். ராதாவின் நடிப்பை இன்றும் போற்றுகிறோம். படம் விதைத்த அந்தப் பொய்யை மறுக்க அரசு எடுத்த முயற்சியோ போதவில்லை. சட்டமும் பின்தங்கியே வந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்தை நீக்க 2016 வரை ஆனது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கிய பிரிவுகள் 2019இல்தான் நீங்கின. பாகுபாட்டை ஒழிக்கச் சட்ட ஆணையம் 2015இல் தன் 256ஆவது அறிக்கையோடு வரைவுச் சட்டமே எழுதிக் கொடுத்தது. பத்தாண்டுகள் போயின, நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. இதற்கிடையில் ரேஷன் கடைக் கருவி, விரலே இல்லாதவரிடம் விரல்ரேகை கேட்கிறது. விதிவிலக்கு உண்டு என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்த விதிவிலக்கு கடை ஊழியருக்குத் தெரியாதவரை, அரிசி வாங்காமல் வீடு திரும்புகிறவருக்கு அதனால் என்ன பயன்?

2027க்குள் நோய்ப் பரவலை நிறுத்துவோம் என்று ஒன்றிய அரசு இலக்கு வைத்திருக்கிறது. அப்படியானால் வேலையை இன்றே திருத்த வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், செவிலியர் அனைவருக்கும் நரம்புச் சோதனைப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். நோயாளியின் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் பரிசோதித்து, தகுதியுள்ளவர்களுக்கு நோய்த் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் மருந்து கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018லேயே பரிந்துரைத்த வழி அது. நோயாளியின் ஒப்புதலும் ரகசியமும் காக்கப்படாமல் எந்தத் தெருவிலும் தேடல் நடக்கக் கூடாது. ஸ்டீராய்டு, செருப்பு இருப்பை மாவட்டந்தோறும் உறுதிப்படுத்துங்கள். சட்ட ஆணையத்தின் வரைவை அவையில் வையுங்கள். ஜனவரி 30 தொழுநோய் எதிர்ப்பு நாளில் உறுதிமொழி வாசிப்பதோடு நில்லாமல், அவ்வாண்டில் ஊனத்தோடு கண்டறியப்பட்டவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் அதற்கு முன் எத்தனை மருத்துவமனைகளில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற விவரத்தை, பெயர் இன்றி, மாவட்டவாரியாக வெளியிடுங்கள்.