வலயம் மாறுமுன் வியாபாரி வாய் திறக்க வேண்டும்

வீட்டு முன்பக்கத்துக் கராஜுக்கு ஒரு ஷட்டர் போட்டால் கடை தயார். கொழும்பிலும் கண்டியிலும் காத்தான்குடியிலும் எம்மவரில் பலர் வியாபாரத்தைத் தொடங்கியது இப்படித்தான். சபைக்கு வரி கட்டுகிறோம், வியாபாரப் பதிவும் இருக்கிறது, இனி யார் கேட்பது என்ற தைரியம். ஆனால் இந்த இரண்டு கடதாசிகளும் காணியின் பாவனையை மாற்றித் தருவதில்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பாவனையை மாற்றுவதையும் ஓர் அபிவிருத்தி நடவடிக்கையாகவே கொள்கிறது. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில், ஒரு கல்லைக்கூட நகர்த்தாவிட்டாலும், வீடு கடையாவதற்கு அனுமதி வேண்டும்.

இதன் பாரதூரத்தை டில்லி வியாபாரிகளிடம்தான் கேட்க வேண்டும். அந்நகரின் பெருந்திட்டம் 1962இலேயே குடியிருப்பு எது, வர்த்தகம் எது எனப் பிரித்துவிட்டது. போதிய சந்தைகள் கட்டப்படாததால் வியாபாரம் குடியிருப்பு வீதிகளுக்குள் புகுந்தது. அதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள். 2006 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், அதாவது இந்தியாவின் சுப்ரீம் கோர்ட், குடியிருப்புப் பகுதிக் கடைகளை மூடி முத்திரையிடுமாறு உத்தரவிட்டது. மார்ச் இறுதியில் மாநகராட்சி பூட்டுடன் வந்தது. கடையடைப்பு, ஊர்வலம், வழக்கு என்று அந்த வருடம் கழிந்தது. செப்டெம்பர் 20ஆம் திகதி சீலம்பூரில் ஆர்ப்பாட்டம் கலவரமாகி உயிர்களும் போயின.

அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் 2,000க்கும் அதிகமான வீதிகளில் கடைகளுக்கு இடமளித்து அரசாங்கம் அறிவித்தல் விடுத்திருந்தது. 2007 பெப்ரவரியில் வந்த புதிய பெருந்திட்டமும் கலப்புப் பாவனையை ஏற்றுக்கொண்டது. இதே வீதிகளை ஐந்து வருடங்களுக்கு முன் ஆராய்ந்திருந்தால் இத்தனை பூட்டுகள் தேவைப்பட்டிருக்குமா?

வலயம் மாறியதோடு கதை முடியவுமில்லை. பாவனை மாற்றத்திற்கும் வாகனத் தரிப்பிடத்திற்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் மீண்டும் முத்திரையிடத் தொடங்கியபோது, டிபென்ஸ் கொலனிச் சந்தையின் மேல்மாடிக் கடைகள் அகப்பட்டது இந்தக் கட்டணத்தைக் கட்டாததால்தான்.

இங்கே ஒரு குடியிருப்பு வீதியை வர்த்தக வலயமாக்கும் பேச்சு சபையில் எழுந்தாலே எமது வியாபாரிகள் மகிழ்ந்து போகிறார்கள். சொந்தக் காணியில் கடை வைத்திருப்பவர் மகிழலாம், பேர்ச்சஸ் விலை ஏறும். வாடகைக்கு இருப்பவர் எதற்கு மகிழ்கிறார் என்பது எனக்கு விளங்குவதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை கூடும், அல்லது வீட்டுக்காரர் காணியை மாடிக்கட்டடக்காரருக்கு விற்றுவிடுவார். வரியும் அப்படியே. அந்த இடம் என்ன வாடகைக்குப் போகும் என்பதை வைத்துத்தான் வருடாந்தப் பெறுமதி கணிக்கப்படுகிறது. வாடகை ஏறினால் அடுத்த மதிப்பீட்டில் வரியும் ஏறும்.

அயலவரின் ஆட்சேபணையையும் சும்மா தள்ளிவிடக்கூடாது. சுபஹுக்கு முன் லொறி வந்து மூடை இறக்கினால் எந்த வீட்டுக்காரர்தான் பொறுப்பார்? பாரம் இறக்கும் நேரத்தை வியாபாரிகள் தாமாகவே வரையறுத்துக் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

அனுமதிப்பத்திரங்களைக் கையாளும் வேலை பல இடங்களில் உள்ளூராட்சி சபையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், வலயத் திட்டத்தைத் தயாரிப்பது நகர அபிவிருத்தி அதிகார சபையே. ஆகவே சபை உறுப்பினரை மட்டும் நம்பியிருப்பதில் பயனில்லை. அபிவிருத்தித் திட்ட வரைவு 60 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். நாமோ விலைவாசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்துவிடுகிறோம்!

அந்த 60 நாட்களுக்குள் வர்த்தகர் சங்கம் வீதி வீதியாகப் பட்டியல் எடுக்கட்டும். எந்த இலக்கத்தில் என்ன கடை, எத்தனை வருடமாக, சொந்தமா வாடகையா, வாகனம் நிறுத்த இடமுண்டா என்று எழுதி, ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, எழுத்தில் சமர்ப்பிக்கட்டும். பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.