சரிவில் இறங்கும் தைரியம்

வளைமேடையின் விளிம்பில் ஸ்கேட்போர்டு எனும் சக்கரப்பலகையின் வாலை ஊன்றி நிற்பவர், முன்காலைத் திடமாக மிதித்துச் சரீர பாரம் முழுவதையும் பள்ளத்தை நோக்கிச் சாய்த்தாலன்றிச் சரிவில் இறங்க முடியாது. அச்சத்தால் பின்னோக்கிச் சாய்ந்தால், பலகை முன்னே ஓடிவிட, அவர் மல்லாந்து விழுவது நிச்சயம். அபாயத்தை எதிர்கொண்டு சாய்வதே க்ஷேமம் என்னும் இந்த அபூர்வமான பாடத்தை மாமல்லபுரத்துச் சிறுமி கமலி வெறுங்காலுடனேயே கற்றுத் தேர்ந்ததையும், அவளைப் பற்றிய குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதையும், மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 12 வயதுக் கொகோனா ஹிராக்கி சக்கரப்பலகை விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் பெற்றதையும் சிந்திக்கும்போது, ஏலக்காய் வர்த்தகத்தால் கீர்த்தி பெற்ற போடிநாயக்கனூரிலும் இத்தகைய மேடையொன்று அவசியம் அமைய வேண்டும் என்றே தோன்றுகிறது. லாரிகளும், தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகளும் செல்லும் அவ்வூரையடுத்த போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் பலகையேறி இறங்குவது பிராணாபத்து; ஆகவே, வழவழப்பான சிமெண்டு வளைவையும், தலைக்கவசம், முழங்கால் காப்பு முதலிய சாதனங்களையும், பயிற்றுவிக்க அனுபவசாலி ஒருவரையும் நகராட்சியே அளித்தல் நியாயம். தைரியம் உபதேசத்தால் வருவதன்று. விழுந்தாலும் உயிருக்குத் தீங்கு நேராத இடத்தைக் கொடுத்தால், மலைத்தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அதைத் தாமே சம்பாதித்துக்கொள்வார்கள்.