தலைப்பிரட்டை தரும் பாடம்

இடுக்கித் தேயிலைத் தோட்டத்து ஓடையில் தலைப்பிரட்டை பிடித்து விளையாடி வளர்ந்தவன் நான். இன்று முதுகலை வகுப்பில் அதே தலைப்பிரட்டையின் குருதியைப் பற்றிப் படிக்கிறேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் பெற உதவும். அதற்குமேல் அதனால் பயனில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து.

ஹீமோகுளோபின் நான்கு இழைகள் சேர்ந்த புரதம். இழைக்கு ஒன்றாக நான்கு இரும்பணுக்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூற்றைச் சுமக்கும். சுமந்தால் போதுமா? உரிய இடத்தில் இறக்கவும் வேண்டுமன்றோ! நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவு. ஆகவே தலைப்பிரட்டையின் ஹீமோகுளோபின் அதை இறுகப் பற்றுகிறது. தவளையாகிக் கரையேறியபின் காற்றுக்குப் பஞ்சமில்லை. எளிதில் விட்டுக்கொடுக்கும் வேறு ஹீமோகுளோபின் உண்டாகிறது. அமெரிக்கப் பெருந்தவளையில் இம்மாற்றத்தை ரிக்ஸ் என்னும் அறிஞர் 1951-ல் விளக்கினார்.

மனிதருக்கும் இத்தகைய மாற்றம் உண்டு. தாயின் குருதியிலிருந்து ஆக்சிஜனைப் பெறுவதற்காகக் கருவிலுள்ள குழந்தைக்கு இறுகப் பற்றும் ஹீமோகுளோபின் அமைந்திருக்கிறது. பிறந்த சில திங்களில் அது குறைந்து, பெரியவர்களுக்குரிய வகை பெருகுகிறது.

இந்த உண்மை நம் எல்லை மலைகளில் உயிர்காக்கும் செய்தியாகிறது. பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் வாழும் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுச் சோகை உண்டு. பக்கத்து நீலகிரி மலைமக்களிடம் அதன் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகிய அறிஞர்கள் 1952-லேயே வெளியிட்டனர். பெரியவர்களின் ஹீமோகுளோபினிலுள்ள பீட்டா இழையில் ஓர் அமினோ அமிலம் மாறியதே இந்நோய்க்குக் காரணம். ஆக்சிஜனை இறக்கியதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, அணு அரிவாளாய் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. கருவின் ஹீமோகுளோபினிலோ பீட்டா இழையே இல்லை. ஆதலால் நோயோடு பிறந்த குழந்தையும் முதல் சில திங்கள் நலமாகவே தோன்றும்.

இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் நோக்கத்துடன் நடுவணரசு 2023-ல் ஓர் இயக்கம் தொடங்கியது. வரவேற்போம். ஆயினும் சோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை உயர்ந்தால் மட்டும் போதாது. மலையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தவுடனே சோதனை வேண்டும். எளிய கரைதிறன் சோதனை பச்சிளங்குழந்தைக்குப் பொருந்தாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் சோதனையே வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் பெனிசிலினும் தடுப்பூசியும் கொடுத்துத் தொற்றிலிருந்து காக்கலாம். செலவு மிகுமே என்பர் சிலர். நோய் முற்றியபின் மருத்துவமனையில் கழியும் நாட்களுக்கு ஆகும் செலவை அவர்கள் கணக்கிட்டார்களா?

நண்பர்களே, நமக்கும் இதில் பங்குண்டு. அங்கு வாழும் இருளரின் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவுடையது. மரபணுவை ஒரு பக்கம் மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இவ்விரண்டையும் அம்மக்களுக்குப் புரியும் சொல்லில் எடுத்துரைக்க நம்மால் இயலாதா? இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அட்டப்பாடிக்கும் ஒரு நாள் செல்வோம். கற்ற பாடத்தை அங்கே சொல்லிவருவோம்.