சி பிரிவும் ஒரு இசைத்தட்டும்



போன வாரம் உறவில் ஒரு பெண் போனில் அழுதாள். ஏழாம் வகுப்புக்குப் போகும் மகனை மதிப்பெண் பார்த்து 'சி' பிரிவில் போட்டுவிட்டார்களாம். "அவன் படிப்பே போச்சு சித்தப்பா" என்றாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அது பழக்கம்தானே!

கிராமபோன் குழாய் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. தட்டு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தில் 1931-இல் அந்தக் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆனது. அந்த வீட்டில் இந்த இரண்டும் செல்லப் பிள்ளைகள். மூன்றாவதாக ஒன்று இருந்தது, பார்லோபோன். ஜெர்மனியில் லிண்ட்ஸ்ட்ராம் நிறுவனத்தில் பிறந்தது. அதன் சின்னத்தைப் பார்த்துப் பலரும் பவுண்டு குறி என்பார்கள். உண்மையில் அது லிண்ட்ஸ்ட்ராமின் முதல் எழுத்து.

1955-இல் பார்லோபோனின் பொறுப்பு ஜார்ஜ் மார்ட்டின் என்பவரிடம் வந்தது. வயது 29. பெரிய பாடகர்கள் மற்ற இரண்டு பெயர்களில் இருந்தார்கள். இவர் பீட்டர் செல்லர்ஸ் போன்ற நகைச்சுவைக் கலைஞர்களை வைத்துத் தட்டு போட்டார். சி பிரிவு வாத்தியார் என்றே வையுங்களேன்.

1962-இல் லிவர்பூலிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். டெக்கா நிறுவனம் அவர்களை வேண்டாம் என்றிருந்தது. எச்.எம்.வி.யும் கொலம்பியாவும்கூட அப்படித்தான். மார்ட்டினுக்கும் அவர்கள் பாட்டு முதலில் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் உட்கார வைத்து, குறைகளை நெடுநேரம் சொல்லிவிட்டு, "உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது உண்டா?" என்று கேட்டார். 19 வயது ஜார்ஜ் ஹாரிசன், "முதலில் உங்கள் டை பிடிக்கவில்லை" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பீட்டில்ஸின் கதை அந்த அறையில் தொடங்கியது. முதல் ஆல்பத்தின் 14 பாடல்களில் 10 பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவு செய்தார்கள். அது பிரிட்டனில் 30 வாரம் முதலிடத்தில் இருந்தது.

இதிலிருந்து 'ஒதுக்கி வைத்தால்தான் திறமை வளரும்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவ்வளவு சம்பாதித்துக் கொடுத்த மார்ட்டினுக்கு நிறுவனம் போனஸ்கூடத் தரவில்லை. 1965-இல் வெளியேறிவிட்டார். ஒதுக்கியதால் நல்லது நடக்கவில்லை. ஒதுக்கிய இடத்தில் காது கொடுக்கும் ஒரு ஆள் இருந்தார், அதனால் நடந்தது.

இப்போது என் கதை. நானும் பல ஆண்டுகள் சி பிரிவு எடுத்தவன். ஒருநாள் ஏழாம் வகுப்பில், "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், நீங்க போர்டைப் பார்த்தே பேசுறீங்க, எங்களுக்குக் கேட்கல" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவனை வெளியே முட்டி போட வைத்தேன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அவன் வாயே திறக்கவில்லை. அவன் சொன்னது உண்மை, கேலி இல்லை என்பது எனக்குப் புரியவே பல ஆண்டுகள் ஆயின.

என் கருத்து இதுதான். மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது தவறு. 11 வயதில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று சொல்ல எந்த வாத்தியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்ததில்லை. பிரித்தேதான் ஆக வேண்டுமென்றால், பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியரை சி பிரிவுக்கு அனுப்புங்கள். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நாளைக்கே ஒரு முறை, "என்னிடம் என்ன பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். பதில் வந்தால் கோபப்படாதீர்கள்.

அந்தக் கடைசி பெஞ்ச் தம்பி இதைப் படித்தால்: நீ சொன்னது சரி. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்